நுங்கின் மூன்றாம் கண்

போன வருடம் உயர்தர வகுப்புத் தொடங்கிய முதற்கிழமை, தண்ணீர் மூலக்கூறைக் கொப்பியில் கீறச் சொன்னேன். பரந்தனில் இருந்து சைக்கிளில் வரும் ஒரு பிள்ளை நடுவில் ஒட்சிசன் எழுதினாள். இரண்டு பக்கமும் ஐதரசன். அளவுகோலை வைத்து, ஒரு சொட்டும் கோணாமல் நேராகக் கோடு இழுத்தாள். பிறகு பக்கத்திலேயே அழகான எழுத்தில் எழுதினாள்: "கோண வடிவம், 104.5 பாகை."

படம் நேர்கோடு. எழுத்து கோணம். இரண்டும் ஒரே பக்கத்தில், இரண்டு விரற்கடை இடைவெளியில் இருந்தன. "பிள்ளை, நீ கீறினதும் எழுதினதும் ஒண்டா?" என்று கேட்டேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, "எழுதினதுதான் சரி ரீச்சர், அது பாடமாக்கினது" என்றாள்.

எனக்கு அன்று முழுக்க அந்தப் பதில்தான் மனதில் நின்றது. அவளில் பிழையில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கைகளில் பல வருடமாகச் சுற்றித் திரியும் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் மூலக்கூறின் பெயர், எதிரே வடிவத்தின் பெயர், அதற்கு எதிரே கோணம். போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பி, பாதி எழுத்து மங்கிவிட்டது. மெதேன் என்றால் நான்முகி, அமோனியா என்றால் கூம்பகம் என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். தாளில் இல்லாத ஒரு மூலக்கூறு பரீட்சையில் வந்தால் பேனை நின்றுவிடும்.

வடிவம் பாடமாக்குகிற விசயமே இல்லை. எண்ணிக் கண்டுபிடிக்கிற விசயம். நடு அணுவைச் சுற்றி இருக்கும் இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளி, முடிந்தவரை விலகி நிற்கும் என்ற கொள்கைதான் (வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை) அதற்கு அடி. எண்ணத் தெரிந்தால், உலகத்தில் யாரும் பெயர் சொல்லித் தராத மூலக்கூறுக்கும் வடிவம் சொல்லலாம். இதை நான் புத்தகத்தில் இருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நுங்கில் இருந்து கற்றேன்.

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் ஸ்கந்தபுரம் பக்கம் போனோம். அடுத்த வருடம் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு என்பது கிடுகுக் கொட்டில். கொப்பிக்கும் பேனைக்கும் தட்டுப்பாடு. இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் பார்த்துப் பார்த்து விட வேண்டும். எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த மாஸ்டர் கரும்பலகையில் முப்பரிமாணப் படம் கீறி விளங்கப்படுத்தப் பார்த்தார். சுண்ணக்கட்டியும் சரியாக எழுதவில்லை, எங்களுக்கும் விளங்கவில்லை. தட்டையான பலகையில் தட்டையாகத்தானே தெரியும்.

அடுத்த நாள் அவர் சைக்கிள் கரியரில் ஒரு குலை நுங்கு கட்டிக்கொண்டு வந்தார். நுங்குக் காலம், எல்லா வீட்டிலும் கிடந்ததுதான். கத்தியால் ஒன்றின் தலையைச் சீவி எங்கள் முன்னால் பிடித்தார். மூன்று கண். "ஏன் மூண்டும் ஒரு பக்கத்தில ஒட்டிக்கொண்டு இருக்கேல்ல?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒவ்வொண்டுக்கும் இடம் வேணும். மற்றதில இருந்து எவ்வளவு தள்ளி இருக்கேலுமோ அவ்வளவு தள்ளி இருக்குது. 360ஐ மூண்டால பிரி." நூற்றிருபது என்று பின்னால் இருந்து ஒரு பெடியன் சொன்னான். "அவ்வளவுதான் போரன் முப்புளோரைட்டு. தள முக்கோணம்."

பிறகு மாஸ்டர் செய்ததுதான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பெருவிரலை ஒரு கண்ணுக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, அந்த நுங்கை உறிஞ்சிக் குடித்துவிட்டார். வெறும் குழியோடு நுங்கைத் திரும்ப எங்களுக்குக் காட்டினார். "இப்ப எத்தினை கண் தெரியுது?" இரண்டு. "அந்த ரண்டும் இடம் மாறினதா?" இல்லை. "கண் போயிட்டுது. ஆனா இடம் அங்கதான் இருக்குது. சல்பர் ஈரொட்சைட்டில கந்தகத்துக்கு மேல ஒரு தனிச்சோடி இருக்கு, பிணைப்பில சேராத ரண்டு இலத்திரன். அது ஆருக்கும் தெரியாது, ஆனா இடம் பிடிச்சிருக்கு. அதால மற்ற ரண்டும் நேரா நிக்கேலாது, வளைஞ்சுதான் நிக்கும்."

நுங்குக்குள் கண் மூன்றாய் இருப்பதற்குக் காரணம் வேறு, அது தாவரவியல். இலத்திரன் எதுவும் அங்கே தள்ளுவதில்லை. அதை மாஸ்டரே சொல்லித்தான் தொடங்கினார். ஆனாலும் "இலத்திரன் சோடிக் கேத்திரகணிதம்" என்பதும் "வடிவம்" என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்பது எனக்கு அந்தக் குழியில்தான் விளங்கியது. குழியையும் சேர்த்து எண்ணினால் மூன்று: கேத்திரகணிதம் தள முக்கோணம். குழியை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு: வடிவம் கோணம். பரீட்சைத் தாளின் அமைப்புக் கட்டுரை வினாவில் இரண்டையும் தனித்தனி நிரலில் கேட்பார்கள். பிள்ளைகள் இரண்டிலும் ஒரே சொல்லை எழுதிப் புள்ளியை இழக்கிற இடம் அதுதான்.

சரி, நான் இப்போது எப்படிப் படிப்பிக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் எண்ணிக்கை. அதற்கு எங்கள் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டைதான். பாயை விரித்து, நாலு பேருக்கு ஒரு சிரட்டைக் கொட்டை. ஒரு கொட்டை ஒரு இலத்திரன்.

தண்ணீரில் தொடங்குவோம். ஒட்சிசனின் வலுவளவு ஓட்டில், அதாவது ஆக வெளியில் இருக்கும் ஓட்டில் 6, ஐதரசன் இரண்டிலும் ஒவ்வொன்று, மொத்தம் 8 கொட்டை. ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் நடுவில் இரண்டு இரண்டாக வை. நாலு கொட்டை போய்விட்டது. மிச்சம் நாலையும் எங்கே வைப்பது? ஐதரசனுக்கு இரண்டுக்கு மேல் ஏலாது. ஆகவே ஒட்சிசனின் தலையில் இரண்டு சோடி. இப்போது ஒட்சிசனைச் சுற்றி எத்தனை திசையில் கொட்டை இருக்கிறது என்று கேட்பேன். நாலு. அதில் இரண்டு திசையில்தான் அணு இருக்கிறது.

இந்த "திசை" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பிடித்துக்கொண்டேன். சோடி என்று சொன்னால், இரட்டைப் பிணைப்பு வந்த உடனே பிள்ளைகள் அதை இரண்டாக எண்ணிவிடுவார்கள். திசை என்றால் குழப்பம் இல்லை. இரட்டைப் பிணைப்பில் நாலு கொட்டை இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன. கந்தகத்துக்கு ஒரு இரட்டைப் பிணைப்பா, இரண்டா என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாக்குவாதம் வரும். எப்படிக் கீறினாலும் திசை மூன்றுதான், வடிவம் மாறாது. அதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிவுக்காகவே அந்த வாக்குவாதத்தை நான் கொஞ்சநேரம் ஓட விடுவேன்.

காபனீரொட்சைட்டையும் சல்பர் ஈரொட்சைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். ஒன்றுக்கு 4உம் 12உம் சேர்த்து 16 கொட்டை. மற்றதுக்கு 6உம் 12உம், 18 கொட்டை. நடுவில் பிணைப்பு வைத்து, வெளியில் இருக்கும் ஒட்சிசன்களை எட்டாக நிரப்பிக்கொண்டு வந்தால், காபனில் கை வெறுமையாகிவிடும். அப்போது ஒட்சிசனில் இருந்து ஒவ்வொரு சோடியை நடுவுக்குத் தள்ள வேண்டியதுதான். இரண்டு திசை, நேர்கோடு, 180 பாகை. கந்தகத்தில் மட்டும் கையில் இரண்டு கொட்டை மிஞ்சும். அந்த இரண்டு கொட்டைதான் மூலக்கூறை ஏறக்குறைய 119 பாகைக்கு வளைக்கிறது.

நைதரசனோடு இன்னும் வடிவாக விளங்கும். நைதரசன் ஒன்று, ஒட்சிசன் இரண்டு. நேரேற்றம் ஒன்று இருந்தால் 16 கொட்டை, நேர்கோடு. மறையேற்றம் ஒன்று இருந்தால் 18 கொட்டை, நைதரசனின் தலையில் ஒரு தனிச்சோடி, கோணம் 115 அளவில். ஏற்றமே இல்லாத நைதரசனீரொட்சைட்டுக்கு 17 கொட்டை. சோடி இல்லாமல் ஒரு கொட்டை தனியாக நிற்கும். அது பாதிதானே தள்ளும்? கோணம் 134 பாகை. அதே மூன்று அணு, ஒவ்வொரு கொட்டையாகக் கூட்டக் கூட்ட மூலக்கூறு மடிந்துகொண்டு வருவதைப் பாயில் கையால் வளைத்தே காட்டலாம். என்னிடம் ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது என்றால், நான் இந்த மூன்றையும்தான் எடுப்பேன்.

அடுத்த தடை 109.5. மெதேனுக்கு நாலு திசை என்று எண்ணி முடித்ததும் ஒரு பெடியன் கட்டாயம் சொல்வான்: "360ஐ நாலால பிரிச்சா 90 ரீச்சர், சிலுவை மாதிரி." அவன் சொல்வது தாளுக்குச் சரி. கொப்பியில் கீறிக் கீறி உலகமே தட்டை என்ற பழக்கம் வந்துவிடுகிறது. அவனிடம் குளக்கட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டையும் ஒரே நீளத்தில் வெட்டின நாலு ஈர்க்கும் கொடுப்பேன். அவன் சொன்னபடியே சிலுவையாகக் குத்தச் சொல்வேன். பிறகு, "மேலயும் கீழயும் எவ்வளவு இடம் சும்மா கிடக்குது, பார்" என்பேன். எதிரெதிர் ஈர்க்கில் ஒரு சோடியை மேலே தூக்குவான், மற்றச் சோடியைக் கீழே இறக்குவான். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா இடைவெளியும் ஒன்றாகும்வரை நகர்த்துவான். மேசையில் வைத்தால் மூன்று காலில் நிற்கும், ஒன்று மேலே பார்க்கும். எந்தப் பக்கம் உருட்டி வைத்தாலும் அதே நிற்பு. பாகைமானி வைத்துப் பார்த்தால் 110க்குக் கிட்ட வரும். களிமண் காய்வதற்கு முதல் அளக்க வேண்டும், காய்ந்தால் வெடித்து ஈர்க்கு ஆடத் தொடங்கிவிடும். இரண்டு துளி தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் ஒரு பின்னேரம் தாங்கும்.

பலூனும் நல்லது. ஒரே அளவில் ஊதின இரண்டு பலூனை முடிச்சோடு முடிச்சுக் கட்டினால் நேர்கோடு. அப்படி இரண்டு சோடியை நடுவில் முறுக்கினால், யாரும் சொல்லிக் கொடுக்காமல் நான்முகியாகத் தானே திரும்பி நிற்கும். மூன்று சோடி முறுக்கினால் எண்முகி. நாலு பலூன் நான்முகியில் ஒரு பலூனை மட்டும் பெரிதாக, வேறு நிறத்தில் ஊதிக் கட்டினால் அதுதான் தனிச்சோடி. மற்ற மூன்றும் நெருக்குப்பட்டு ஒடுங்குவது கண்ணுக்குத் தெரியும். வன்னி வெயிலில் மட்டும் காலையிலேயே செய்துவிட வேண்டும். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே பலூன் நிற்காது.

தனிச்சோடி ஏன் கூடத் தள்ளுகிறது என்று கேட்காத பிள்ளை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மாடு தெரியும். இரண்டு கட்டைக்கு நடுவில் இழுத்துக் கட்டின மாடு அசையாமல் ஒரு வரியில் நிற்கும். ஒரு கட்டையில் மட்டும் கட்டின மாடு சுற்றிச் சுற்றி மேய்ந்து, கயிறு எட்டுகிற இடமெல்லாம் பிடிக்கும். பிணைப்புச் சோடிக்கு இரண்டு பக்கமும் அணுக்கரு, இரண்டும் இழுக்கின்றன, அது நீண்டு மெலிந்து நிற்கிறது. தனிச்சோடிக்கு ஒரே ஒரு அணுக்கரு. அது மைய அணுவுக்குப் பக்கத்திலேயே அகன்று பரவிவிடுகிறது. ஆகவே மெதேனில் 109.5 ஆக இருந்த கோணம், ஒரு தனிச்சோடி வந்த அமோனியாவில் 107 ஆகிறது, இரண்டு வந்த தண்ணீரில் 104.5 ஆகிறது. அமோனியாவின் தனிச்சோடியை ஒரு ஐதரசன் அயனுக்குக் கொடுத்துவிட்டால், நாலும் பிணைப்பாகி மறுபடியும் 109.5. நுங்கின் குழிக்கும் தனிச்சோடிக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். குழி சும்மா இடம் பிடிக்கும். தனிச்சோடி பக்கத்தில் இருப்பவர்களை நெருக்கும்.

இந்த இடத்தில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். படிப்பிக்கத் தொடங்கின காலத்தில், 109.5, 107, 104.5 என்ற வரிசையைப் பார்த்து, "ஒரு தனிச்சோடிக்கு இரண்டரைப் பாகை குறையும்" என்று பிள்ளைகளுக்குச் சூத்திரமாக எழுதிக் கொடுத்தேன். நினைவில் வைக்கச் சுகமாக இருந்தது. இரண்டு வருடம் அப்படியே போனது. ஒருநாள் முள்ளியவளையில் இருந்து வரும் ஒரு பெடியன் ஐதரசன் சல்பைட்டின் கோணம் 92 பாகை என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "உங்கட கணக்கின்படி 104.5 எல்லோ வரவேணும் ரீச்சர்?" என்று நின்றான். கந்தகத்திலும் இரண்டு தனிச்சோடி, ஒட்சிசனிலும் இரண்டு. எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன்.

கந்தக அணு பெரிது. அதன் மின்னெதிர்த்தன்மை, அதாவது பிணைப்பு இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை, ஒட்சிசனை விடக் குறைவு. அதனால் பிணைப்புச் சோடிகள் மைய அணுவை விட்டுத் தள்ளி, ஒன்றுக்கொன்றும் தூரத்தில் நிற்கின்றன. தூரத்தில் நிற்பவை ஒன்றையொன்று பெரிதாகத் தள்ளாது. தனிச்சோடி நெருக்க நெருக்க மடிந்துவிடுகின்றன. பொசுபீனும் அப்படித்தான், 93.5 பாகை. அதே காரணத்தால் நைதரசன் முப்புளோரைட்டில் கோணம் 102க்குக் கிட்ட இறங்கிவிடுகிறது, அமோனியாவின் 107 அங்கே இல்லை. புளோரீன் பிணைப்புச் சோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அடுத்த நாள் அந்தப் பெடியனை எழுப்பி, வகுப்புக்கு முன்னால் நான் கொடுத்த சூத்திரம் பிழை என்று சொல்லி, எல்லாக் கொப்பியிலும் வெட்டச் சொன்னேன். இந்தக் கொள்கை "குறையும்" என்று சொல்லும். எத்தனை பாகை குறையும் என்பதை அளந்துதான் அறிய வேண்டும். புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்கள் தயவுசெய்து அந்த இரண்டரைப் பாகையை எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஐந்து திசை வரும்போதுதான் உண்மையான யோசனை தொடங்குகிறது. பொசுபரசு ஐங்குளோரைட்டு முக்கோண இருகூம்பகம்: நடுவில் மூன்று பேர் 120 பாகையில், மேலே ஒருவர், கீழே ஒருவர். நாலு வரைக்கும் எல்லா இடமும் சமம். இங்கே முதன்முறையாக இடங்கள் இரண்டு சாதி. மேலே, கீழே இருப்பவருக்கு 90 பாகையில் மூன்று அயலவர். நடுவில் இருப்பவருக்கு 90 பாகையில் இரண்டு அயலவர்தான், மற்ற இருவரும் 120இல் தூரமாக இருக்கிறார்கள்.

குளோரீன் முப்புளோரைட்டை எடுங்கள். 28 கொட்டை. எண்ணி வைத்தால் குளோரீனைச் சுற்றி ஐந்து திசை, மூன்று பிணைப்பு, இரண்டு தனிச்சோடி. தனிச்சோடிகளை எங்கே வைப்பது? பிள்ளைகள் கேட்ட உடனே "மேலயும் கீழயும்" என்பார்கள், அப்போது தள முக்கோணமாக வடிவாக வரும் என்று. அழகாக இருக்கிறது என்பதற்காக இயற்கை அதைச் செய்யாது. 90 பாகையில் எத்தனை முட்டல் என்று எண்ணச் சொல்வேன். இரண்டு தனிச்சோடியும் மேலும் கீழும் இருந்தால், தனிச்சோடிக்கும் பிணைப்புச் சோடிக்கும் ஆறு முட்டல். ஒன்று மேலே, ஒன்று நடுவில் என்றால் தனிச்சோடியும் தனிச்சோடியுமே 90இல் நேருக்கு நேர் முட்டும், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டும் நடுவட்டத்தில் இருந்தால் தனிச்சோடிகள் தங்களுக்குள் 90இல் முட்டுவதே இல்லை, பிணைப்போடு நாலு முட்டல்தான். ஆகவே இரண்டும் நடுவில். மிச்சம் நிற்கும் மூன்று புளோரீனையும் பார்த்தால் ஆங்கில எழுத்து 'ரீ' மாதிரி. தனிச்சோடி நெருக்குவதால் கோணமும் 90ஐ விடக் கொஞ்சம் குறைந்து 87.5 ஆகிறது.

ஈர்க்கு உருண்டையில் மூன்று மாதிரியும் செய்து, முட்டல்களைக் கொப்பியில் எண்ணி எழுதி, பிள்ளையே "அப்ப ரெண்டும் நடுவிலதான்" என்று சொல்லும்வரை நான் விடை சொல்வதில்லை. ஒரு பாடவேளை முழுக்கப் போய்விடும். பாடத்திட்டம் முடியாது என்று ஆட்கள் சொல்வார்கள். இதில் செலவழித்த நேரம் பிறகு செனன் நாற்புளோரைட்டில் திரும்பக் கிடைக்கும். 36 கொட்டை, ஆறு திசை, இரண்டு தனிச்சோடி. எண்முகியில் இரண்டையும் எதிரெதிரே வைத்தால் 90இல் அவை முட்டாது, மிச்சம் சதுரத் தளம். பிள்ளைகள் தாங்களாகவே மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

செனன் போன்ற விழுமிய வாயுக்கள் ஒன்றோடும் சேராது என்றுதான் 1962 வரைக்கும் பெரும்பாலானோர் நம்பினார்கள். அந்த வருடம் செனன் சேர்வைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு முன்னமே இந்தக் கொள்கை உருவாகிவிட்டது. சோடி, பிணைப்பு என்ற எண்ணத்தை லூயிஸ் 1916இல் தந்தார். சோடிகளின் எண்ணிக்கைக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை 1940இல் சிட்ஜ்விக்கும் பவலும் சொன்னார்கள். 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் தனிச்சோடியின் கூடுதல் தள்ளுகையையும் சேர்த்து ஒழுங்காக்கினார்கள். புதிதாக வந்த செனன் சேர்வைகளுக்கும் அதே எண்ணிக்கை பொருந்தி வந்தது. வகுப்பில் இதை நான் கட்டாயம் சொல்வேன். பாடமாக்கின தாள் ஏற்கெனவே இருப்பதைத்தான் சொல்லும், எண்ணிக்கை இன்னும் செய்யப்படாத சேர்வைக்கும் பதில் வைத்திருக்கும்.

எங்கே இது கைகொடுக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. நிக்கல் போன்ற தாண்டல் மூலகங்களைச் சுற்றி வேறு அயன்கள் ஒட்டி நிற்கும் சிக்கல் அயன்களுக்கு இந்த எண்ணிக்கையைக் கொண்டு போகாதீர்கள். நிக்கல் நாலு குளோரைட்டோடு நான்முகியாக நிற்கும், நாலு சயனைட்டோடு சதுரத் தளமாகப் படுத்துவிடும். அங்கே டி ஒழுக்கு எனப்படும் இலத்திரன் இடங்களின் கதை வேறு. தள்ளுகை என்பதும் வெறும் மறையேற்றங்களின் தள்ளுகை மட்டும் இல்லை. ஒரே சுழற்சி உடைய இரண்டு இலத்திரன் ஒரே இடத்தில் இருக்க ஏலாது என்ற பௌலியின் தத்துவம் அதற்கு அடியில் இருக்கிறது. கில்லெஸ்பியே இதை வலியுறுத்தியவர். உயர்தரப் பிள்ளைக்கு இவ்வளவு போதும், ஆனால் பலூன்தான் உண்மை என்று நினைத்துக்கொண்டு அவன் பல்கலைக்கழகம் போகக் கூடாது.

இதெல்லாம் என்னத்துக்கு என்று ஒரு தாய் ஒருநாள் நேராகவே என்னிடம் கேட்டார். நான் தண்ணீரைத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை அளவுகோல் வைத்துக் கீறினமாதிரித் தண்ணீர் நேர்கோடாக இருந்திருந்தால், ஒட்சிசன் இரண்டு பக்கமும் இழுக்கிற இழுவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், காபனீரொட்சைட்டில் நடப்பதைப் போல. தண்ணீர் முனைவற்றதாகிவிடும், ஒரு பக்கம் மறை, மறுபக்கம் நேர் என்ற ஏற்றச் சாய்வு அதில் இருக்காது. மண்ணெண்ணெய்க்குள் உப்புப் போட்டால் அடியில் அப்படியே கிடக்குமே, தண்ணீரிலும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். வயலுக்குப் போட்ட யூரியா வேருக்குப் போகாது, உடம்பில் இரத்தம் உப்பைக் காவாது. தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது அந்த வளைவு. அந்த வளைவைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத இரண்டு சோடி.

கார்த்திகை மழைக்கு முந்தின ஒரு பின்னேரம், அந்தப் பரந்தன் பிள்ளை பத்திரிகைத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தாள். விரித்துப் பார்த்தால் வெள்ளைச் செதில்கள். அவர்களின் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், கேத்திலுக்குள் கல்லாகப் படிந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்திருக்கிறாள். "அம்மா ஒவ்வொரு நாளும் இதுக்குப் பேசுறவ" என்றாள். பிறகு கொப்பியை விரித்தாள்.

வன்னீர் கொதிக்கும்போது கல்சியம் இருகாபனேற்று உடைகிறது என்று சமன்பாடு எழுதியிருந்தாள். அது நாங்கள் வகுப்பில் படித்ததுதான். அதற்குக் கீழே அவள் தானாகச் செய்தது இருந்தது. காபனேற்று அயனுக்கு 4உம் 18உம் 2உம் சேர்த்து 24 கொட்டை. மூன்று பிணைப்பு, ஒட்சிசன்களை நிரப்பினால் கொட்டை முடிந்தது, காபனில் தனிச்சோடி இல்லை, மூன்று திசை, தள முக்கோணம். பக்கத்தில் மூன்று கண்ணோடு ஒரு நுங்கு கீறியிருந்தாள். வெளியே போகும் காபனீரொட்சைட்டுக்கு ஒரு நேர்கோடு. கடைசியில் தண்ணீர், அளவுகோல் வைக்காமல், வளைத்து, ஒட்சிசனின் தலையில் நாலு புள்ளியோடு. ஒரு கேத்திலுக்குள் மூன்று வடிவம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குசினிக்குள் போய் ஒரு தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்து, அந்தச் செதிலின் மேல் பிழிந்தேன். நுண்ணிய குமிழ் கிளம்பியது. அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேர்கோடெல்லாம் பறந்து போகுது ரீச்சர்" என்றாள்.